ரவீந்திரனுக்கு விழுந்த புள்ளடிகள்

ரவீந்திரன் நோர்வேக்கு வந்த கதை, கேட்கிறவரைப் பொறுத்து மாறும். தமிழரிடம் சொல்லும்போது அவர் உரிமைக்காகக் குரல் கொடுத்து, அதனால் நாட்டை விட்டவர். வெள்ளைக்காரரிடம் சொல்லும்போது சண்டையை வெறுத்துச் சமாதானம் தேடி வந்தவர். கட்சிக்காரரிடம் சொல்லும்போது உழைக்க வந்தவர். ஒருவரிடமும் கை நீட்டாமல் தானாகவே ஒஸ்லோவில் முளைத்தவர். மூன்றும் பொய். உயர்தரப் பரீட்சையை மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் கோட்டை விட்டதால், இவன் இங்கே இருந்தால் என் மானம் போய்விடும் என்று தமையன்தான் பிடித்து அனுப்பினார். 1987இல் ஒரு விடுதிக் கல்லூரிக்கு மாணவர் விசாவில் வந்து இறங்கிய திருகோணமலைப் பெடியன்களில் அவரும் ஒருவர். அவ்வளவுதான் வரலாறு.

உதயகுமாரிக்கு இது தெரியும். அவளுடைய கணவர் கதிர்காமத்தம்பியும் அதே விமானத்தில் வந்தவர். கல்லூரி முடிந்ததும் இரண்டு பேரும் நோர்வேயின் வடக்கு முனையில் ஒரு மீன் தொழிற்சாலைக்குப் போய், ஒரே அறையில் இரண்டு வருடம் இருந்தார்கள். மீன் வெட்டுவதில் ரவீந்திரனுக்குக் கை ஓடாது, வாய் ஓடும். ஆறு மாதத்தில் நோர்வே மொழியைப் பிடித்துவிட்டார் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். முதலில் மேற்பார்வையாளர் சொன்னதைப் பெடியன்களுக்கு மொழிபெயர்த்தார். பிறகு பெடியன்கள் தங்களுக்குள் கதைத்ததை மேற்பார்வையாளருக்கு மொழிபெயர்த்தார். யார் எத்தனை தடவை சிகரெட் பத்தப் போனான், யார் காய்ச்சல் என்று பொய் சொல்லிப் படுத்திருந்தான் என்பதெல்லாம் மேலிடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த வருடம் மற்றவர்கள் கத்தியோடு நிற்க, அவர் கோப்போடு திரிந்தார். கதிர்காமத்தம்பி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். கேட்டுச் சிரித்ததோடு விட்டுவிட்டோமே என்று உதயகுமாரி பின்னாளில் தன்னைத்தானே நொந்துகொண்டாள்.

தொண்ணூறுகளில் எல்லோரும் ஒஸ்லோவுக்கு இறங்கினார்கள். கதிர்காமத்தம்பிக்குப் பேக்கரியில் வேலை. உதயகுமாரி ஆறு வயது மகள் நிரோஜாவோடு ஊரிலிருந்து வந்து, ஸ்டோவ்னரில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்ந்தாள். குரோருட்டில் நாலாம் மாடியில் வீடு. ரவீந்திரன் ஸ்டோவ்னரில் கறித்தூளும் மரவள்ளிக்கிழங்கும் தொலைபேசி அட்டையும் விற்கிற கடை ஒன்று போட்டார். கடையை மனைவி சிறிதேவி நடத்தினாள். அவர் வாசலில் நின்று நாட்டு நடப்பு நடத்தினார்.

1999இல் கட்சியில் சேர்ந்தார். கட்சியின் பெயர் எதற்கு? வரியைக் குறை, வருகிறவனைக் குறை என்ற இரண்டு வாக்கியத்தில் அதன் கொள்கை முடிந்துவிடும். ஸ்டோவ்னர் கிளையில் ஏழு பேர். ஏழு பேரும் ஓய்வூதியக்காரர். மாதத்துக்கு ஒருநாள் கூடி, கோப்பி குடித்து, வாஃபிள் சாப்பிட்டு, பக்கத்து வீட்டுச் சோமாலியர் மாடிப்படியில் சப்பாத்து விடுவதைப் பற்றிக் கவலைப்படுவார்கள். அந்த அறைக்குள் கழுத்துப்பட்டி கட்டிய கறுத்த மனிதர் ஒருவர் நுழைந்து, நீங்கள் சொல்வது முழுக்கச் சரி என்று அவர்களுடைய மொழியில் பிழையில்லாமல் சொன்னதும் கிழவர்களுக்குக் கண் கலங்கிவிட்டது. இனி அவர்களை ஒருவரும் இனவாதி என்று சொல்ல முடியாது. தன்னுடைய பெறுமதி என்ன என்பது ரவீந்திரனுக்கு அன்றைக்கே விளங்கியது. இங்கேயும் மீன் வெட்டத் தெரிய வேண்டியதில்லை. பக்கத்தில் நின்றால் போதும்.

முதலில் வட்டாரசபையில் ஒரு கதிரை கிடைத்தது. விளையாட்டுத் திடலின் ஊஞ்சல், நாய்க் கழிவு, குப்பைத்தொட்டி, இவைதான் அங்கே வருகிற விடயங்கள். நாலு வருடத்தில் அவர் உருப்படியாகக் கை உயர்த்தியது ஒரு தடவை: பள்ளிப் பிள்ளைகளுக்குப் பின்னேரத்தில் இலவசமாகப் பாடம் சொல்லிக் கொடுத்த நிலையத்தை மூடுவதற்கு. நிரோஜா அங்கே படித்துத்தான் கணக்கில் தேறியவள். பிள்ளையைப் பார்ப்பது தாய் தகப்பனின் பொறுப்பு என்று அவர் முழங்கினார். முழங்கிக்கொண்டிருந்த நேரத்தில் அவருடைய பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தைச் சிறிதேவி கறித்தூள் நிறுத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். உதயகுமாரி அப்போதும் அவருக்காகப் பரிந்துதான் கதைத்தாள். கட்சி சொன்னால் தம்பி என்ன செய்வான், எங்கள் ஆள் ஒருவன் உள்ளே இருக்கட்டுமே என்றாள்.

2003இல் நகரசபைத் தேர்தல் வந்தது. கட்சி அவரைப் பட்டியலில் இருபத்தேழாவதாகப் போட்டது. இருபத்தேழாவது என்றால் கறிக்குக் கறிவேப்பிலை மாதிரி. வாசம் கொடுத்தபின் ஒதுக்கி வைத்துவிடுவார்கள். ஆனால் நகரசபைத் தேர்தலில் ஒரு வழி இருந்தது. ஒரு கட்சியின் வாக்குத்தாளை எடுத்து, அதில் விருப்பமான ஆளின் பெயருக்கு நேரே பெருக்கல் குறி மாதிரி ஒரு புள்ளடி போட்டால், கீழே கிடக்கிறவர் மேலே ஏறலாம். குடியுரிமை இல்லாதவர்களும் மூன்று வருடம் இருந்தால் வாக்களிக்கலாம். ஒரு சனிக்கிழமை பின்னேரம், மாதிரி வாக்குத்தாள் கட்டோடு ரவீந்திரன் குரோருட் வீட்டுக்கு வந்தார். அக்காவின் கைச் சம்பலைப் புகழ்ந்தார். மீன் தொழிற்சாலைக் காலத்தை நினைத்துக் கண்ணைத் துடைத்தார். கடைசியில், அக்கா மனம் வைத்தால் ஒஸ்லோ நகரசபைக்குள் முதன்முதலாக எங்கள் ஊர்ப் பெடியன் ஒருவன் போவான் என்றார்.

அக்கா மனம் வைத்தாள். அவள் மனம் வைத்தால் என்ன நடக்கும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். பிள்ளை பெற்ற வீட்டுக்குச் சரக்குத் தூள் கொண்டு போகிறவள் அவள். செத்த வீட்டில் முதல் ஆளாக நின்று தேத்தண்ணீர் ஊற்றுகிறவள் அவள். புதிதாக வந்த பெண்களை வைத்தியரிடமும் பள்ளிக்கூடத்துக்கும் கூட்டிக்கொண்டு போய், அவர்களுக்குப் பதிலாக வாய் திறக்கிறவளும் அவள்தான். ஐந்து கிழமை வேலை முடிந்த கையோடு ஸ்டோவ்னர், குரோருட் என்று மாடி மாடியாக ஏறினாள். லில்லெஸ்ட்ரோமுக்கும் இரண்டு தடவை ரயிலேறிப் போனாள். அங்கே இருக்கிறவர்களுக்கு ஒஸ்லோவில் வாக்கில்லை என்பதைச் சொல்ல ரவீந்திரன் மறந்துவிட்டார்.

முதியோர் இல்லத்தில் அவளோடு வேலை செய்த அனஸ்ரேசியா ஒருத்திதான் இடையில் மறித்தாள்.

"எங்களை வரவேண்டாம் எண்டு சொல்லுற கட்சியல்லோ இது? இதின்ரை தாளையோ எடுக்கச் சொல்லுறீங்கள்?"

"கட்சியை விடும். நாங்கள் புள்ளடி போடுறது ஆளுக்கு" என்றாள் உதயகுமாரி.

ஆயிரத்து நூற்று நாற்பது புள்ளடி விழுந்தது. இருபத்தேழில் கிடந்தவர் நாலாம் இடத்துக்கு ஏறினார். கட்சித் தலைவர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். அன்றைக்கு உதயகுமாரி வேலைத்தலத்துக்குக் கேசரி கிண்டிக் கொண்டு போனாள்.

பதவி வந்ததும் ரவீந்திரனின் நடை மாறியது. பொங்கல் விழா, விளையாட்டு விழா, கலைவிழா என்று எதற்கும் பிரதம விருந்தினர் அவர்தான். பிந்தி வருவார், முன்வரிசையில் இருப்பார், நீளமாகப் பேசுவார், சாப்பாட்டுக்கு முதல் கூட்டம் இருக்கிறது என்று எழும்பிவிடுவார். நோர்வேஜியரின் முன்னால் பேசும்போது 'நாங்கள் நோர்வேஜியர்' என்று தொடங்குவார். தமிழர் முன்னால் 'எங்கடை இனம்' என்று தொடங்குவார். ஒரே நாளில் இரண்டு கூட்டம் இருந்தால் சில வேளை மாறிப் போகும். அதற்கும் கை தட்டுவார்கள். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பது பழமொழி. அவர் பகலிலேயே பிடித்தார்.

2005இல் பாராளுமன்றத் தேர்தல். ஆயிரம் புள்ளடி வாங்கிய ஆளைக் கட்சி சும்மா விடுமா? ஒஸ்லோப் பட்டியலில் ஆறாவதாகப் போட்டது. நாலு பேர் வென்றார்கள். ஐந்தாவதும் ஆறாவதும் பதிலாட்கள். உறுப்பினர் ஒருவர் நோயில் படுத்தாலோ வெளிநாடு போனாலோ இவர்களில் ஒருவர் போய் அந்தக் கதிரையில் இருக்கலாம். ரவீந்திரன் நாலு வருடத்தில் இருந்தது மொத்தம் பத்தொன்பது நாள். ஆனால் முதல் நாள் இருப்பதற்கு முந்தியே விலாச அட்டை அச்சடித்துவிட்டார். அதில் 'பாராளுமன்றம்' என்பது பெரிய எழுத்தில், 'பதிலாள்' என்பது எறும்பு எழுத்தில். எங்கள் ஆட்களும் அவரை எம்.பி. என்றே கூப்பிட்டார்கள். அவர் ஒருவரையும் திருத்தவில்லை.

அதே வருடம் ஆடி மாதம், தாதியர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நிரோஜா, சுனாமியில் கடல் அடித்த சனத்துக்கு உதவி செய்யத் திருகோணமலைக்குப் போனாள். அங்கே முகாம்களுக்குத் தண்ணீர்த் தாங்கி பொருத்திக்கொண்டிருந்தான் ரதீஸ். பதினாறு நாள் இரண்டு பேரும் ஒரே முகாமில் வேலை செய்தார்கள். திரும்பி வந்தபின் ஒரு வருடம் தொலைபேசி. கிழமைக்கு இரண்டு அட்டை, ரவீந்திரனின் கடையில்தான் வாங்கினாள். தாய் தகப்பனுக்குச் சொன்னது கடைசியாகத்தான். 2006இல் மறுபடி சண்டை மூண்டு திருகோணமலைக்குப் போக முடியாமல் போனதால், கொழும்பில் ஒரு சிறிய கோயிலில் தாலி கட்டினார்கள். நிரோஜா திரும்பி வந்து கணவனைக் கூப்பிட விண்ணப்பம் போட்டாள்.

ரதீஸ் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் அறை எடுத்துக் காத்திருந்தான். வெள்ளை வான் வந்து இளம் பெடியன்களை ஏற்றிக்கொண்டு போன காலம் அது. ஏற்றப்பட்டவர்களில் பலர் திரும்பவில்லை. அவன் ஒருநாள் தொலைபேசியை எடுக்காவிட்டால் குரோருட் வீட்டில் மூன்று பேரும் சாப்பிட மாட்டார்கள். விண்ணப்பத்துக்கு நிரோஜா வருமானம் காட்ட வேண்டும். படிப்போடு, விடிய நாலு மணிக்குப் பத்திரிகை போட்டாள்; சனி ஞாயிறு தாயோடு முதியோர் இல்லத்தில் நின்றாள். அந்தப் பிள்ளையின் கண்ணுக்குக் கீழே கறுத்துக்கொண்டு வந்தது. பெற்ற வயிறு பொறுக்குமா?

மார்கழியில் உதயகுமாரி எம்.பி.யிடம் போனாள். இத்தனை வருடத்தில் அவள் அவரிடம் ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் கதிரையில் சாய்ந்து, கண்ணை மூடி, எல்லாவற்றையும் கேட்டார். குடிவரவு அலுவலகத்தில் தனக்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்றார். கோப்பைத் தந்தால் சரியான மேசையில் வைப்பதாகச் சொன்னார். உதயகுமாரி மறுநாளே கோப்பைக் கொண்டு போய்க் கொடுத்தாள். அதற்குள் தாலி கட்டிய படங்கள், தொலைபேசிப் பதிவுகள், எப்படிச் சந்தித்தோம் என்று நிரோஜா மனம் திறந்து எழுதிய நாலு பக்கக் கடிதம், எல்லாம் இருந்தன. அவர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். இவ்வளவு கவனமாகப் பார்க்கிறாரே என்று அவளுக்குக் கண் நிறைந்தது.

மாசி மாதம் உறுப்பினர் ஒருவருக்குத் தடிமன் காய்ச்சல். ரவீந்திரனுக்குக் கதிரை கிடைத்தது. அன்றைக்கு விவாதம், வெளிநாட்டிலிருந்து கணவனையோ மனைவியையோ கூப்பிடுகிறவர்களின் குறைந்தபட்ச வயதை இருபத்துநாலாக உயர்த்த வேண்டும் என்பது. கட்சி அவருக்கு மூன்று நிமிடம் கொடுத்தது. இந்தப் பேச்சைப் பேசக் கட்சிக்கு அவரைவிட வாய்ப்பான வாய் எங்கே கிடைக்கும்?

அடுத்த வியாழக்கிழமை விடிய நிரோஜா வழக்கம்போல உள்ளூர் வாரப் பத்திரிகைக் கட்டின் நாடாவை வெட்டினாள். ஐந்தாம் பக்கத்தில் ரவீந்திரனின் படம். பாராளுமன்ற மேடையில் ஒரு விரலை உயர்த்தியபடி நின்றார். கீழே முழுப் பேச்சும் இருந்தது. என் சொந்த ஆட்களைப் பற்றிப் பேசும் துணிவு எனக்கு உண்டு என்று தொடங்கியிருந்தார். எங்கள் குரோருட் பள்ளத்தாக்கில் ஒரு தாய், முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர், எனக்கு நன்றாகத் தெரிந்தவர். இங்கே வளர்ந்த, தாதியாகப் படிக்கிற மகளுக்கு ஊரிலிருந்து மாப்பிள்ளை பிடித்திருக்கிறார். திருமணத்துக்கு முன் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தது பதினாறே நாள். இது காதலா, விசாவா? அந்தப் பெண்ணுக்கு வயது இருபத்திரண்டு. அவளைத் தாயிடமிருந்து காப்பாற்ற வேண்டியவர்கள் நாங்கள்.

நிரோஜா மாடிப்படி வெளிச்சத்தில் நின்று அதை இரண்டு தடவை வாசித்தாள். பிறகு இருநூற்றுப் பன்னிரண்டு பத்திரிகையையும் இருநூற்றுப் பன்னிரண்டு பெட்டிகளில் போட்டாள். போடாவிட்டால் வேலை போகும். வேலை போனால் வருமானம் காட்ட முடியாது. காட்டாவிட்டால் ரதீஸ் வர முடியாது. அவளுடைய மானத்தை அவளுடைய கையாலேயே வீடு வீடாகப் போட வைத்தான் அந்த மனுசன். 

மிஞ்சிய ஒரு பிரதியை நிரோஜா வீட்டுக்குக் கொண்டு வந்து மேசையில் வைத்தாள். உதயகுமாரிக்கு வேலைத்தல நோர்வே மொழி தண்ணீர் பட்ட பாடு. மேடை மொழி அவ்வளவு ஓடாது. மகள் வரி வரியாகச் சொன்னாள். காப்பாற்ற வேண்டும் என்ற இடம் வந்ததும் தாய், போதும் என்று கையைக் காட்டினாள்.  பிறகு நிரோஜா கேட்டாள்.

"அம்மா, 2003இல நீங்கள் எந்தத் தாளை எடுக்கச் சொன்னனீங்கள்?"

"அவரின்ரை பேர் இருந்த தாளைத்தான். வேறையென்ன?"

"அது அவையின்ரை லிஸ்த, கட்சிப் பட்டியல். அந்தத் தாளைப் பெட்டிக்குள்ளை போட்டால் முழு ஸ்தெம்மேயும், முழு வாக்கும், கட்சிக்குத்தான் அம்மா. புள்ளடி, அவைக்குள்ளை ஆர் முன்னுக்குப் போறது எண்டதுக்கு மட்டும். நீங்கள் ஆளுக்குப் போடேல்லை. ஆயிரத்துச் சொச்சம் தமிழ்ச் சனத்தை அந்தக் கட்சிக்குப் போட வைச்சனீங்கள்."

உதயகுமாரி அந்தப் பெண்களை நினைத்தாள். கணவரின் விசாவுக்காகக் காத்திருந்த சாரதா, தம்பியின் அகதி மனு தள்ளுபடியான பவானி, பேனை பிடிக்கவே கூச்சப்பட்ட மட்டக்களப்புக் கிழவி. வருகிறவனைக் குறை என்ற கட்சிக்கு, வந்தவர்களையும் வரக் காத்திருந்தவர்களின் சொந்தங்களையும் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போனவள் அவள். கேசரி வேறு கிண்டினாள். ஆத்திரம் அவரில் வருவதற்கு முதல் அவளுக்குத் தன்னிலேதான் வந்தது.

தொலைபேசி எடுத்தாள். ரவீந்திரன் பதறவில்லை. பேர் சொல்லவில்லையே அக்கா என்றார். இதெல்லாம் அரசியல், தனிப்பட்ட விடயமாக எடுக்கக் கூடாது என்றார். இந்தப் பேச்சால் கட்சிக்குள் தன்னுடைய செல்வாக்கு உயர்ந்திருக்கிறது, அது நாளைக்கு எங்கள் ஆட்களுக்குத்தான் நல்லது என்று விளக்கினார். கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று அவள் கேட்டாள்.  ஒரு கிழமையில் கோப்பே தபாலில் வந்தது. கட்சியின் உறையில், ஒரு மேசைக்கும் போகாமல், கொடுத்தபடியே. கூடவே கட்சியின் துண்டுப்பிரசுரம் ஒன்றும் வைத்திருந்தார்கள்.

கதிர்காமத்தம்பி துண்டுப்பிரசுரத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, மீன் தொழிற்சாலையில் செய்ததைத்தான் இங்கேயும் செய்திருக்கிறான் என்றார். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

ஆனியில் கொழும்பு லொட்ஜ்களிலிருந்த தமிழரைப் பொலிஸ் பஸ்ஸில் ஏற்றி வடக்குக்கு அனுப்பியது. ரதீஸ் இரண்டு நாள் தொடர்பில் இல்லை. மூன்றாம் நாள் வவுனியாவிலிருந்து அவன் குரல் வந்தபோது நிரோஜா தொலைபேசியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு தரையில் இருந்துவிட்டாள். விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் இல்லை. அந்த மாதம்தான் ரவீந்திரனின் புதிய சுவரொட்டிகள் வந்தன. புரட்டாதியில் மறுபடி நகரசபைத் தேர்தல். இந்தத் தடவை அவர் பதினாலாம் இடம். மேலே ஏற மறுபடியும் புள்ளடி வேண்டும்.

உதயகுமாரி மறுபடி மாடி ஏறினாள். முதல் தடவை ஏறியபோது முழங்கால் மட்டும்தான் நொந்தது. இந்தத் தடவை நாக்கு நொந்தது. ஒவ்வொரு கதவிலும், போன தடவை நான் சொல்லித் தந்தது பிழை, விளங்காமல் சொல்லித் தந்தேன் என்று தொடங்க வேண்டியிருந்தது. பெரிய மனுசி என்று பேர் எடுத்தவளுக்கு அது சின்ன விடயமல்ல. சிலர் அவள் முகத்துக்கு நேரேயே சிரித்தார்கள். சிலர், என்ன இருந்தாலும் எங்கள் ஆள் அல்லவா என்றார்கள். ஒரு மனிதர், அவனுடைய பெயரைக் குறுக்காக வெட்டிவிடட்டுமா என்று ஆசையோடு கேட்டார். நகரசபைத் தேர்தலில் வெட்டினால் எண்ண மாட்டார்கள், தாள் கட்சிக்கே போகும் என்று நிரோஜா சொல்லிக் கொடுத்திருந்தாள். அந்தத் தாளைத் தொடாமல் விடுவதுதான் ஒரே வழி. உதயகுமாரி அதை மட்டும் சொன்னாள். வேறு எந்தத் தாளை எடுப்பது என்பது உங்கள் விருப்பம், எனக்கு இனி அதைச் சொல்ல யோக்கியதை இல்லை என்றாள். அனஸ்ரேசியாவின் வீட்டுக்குப் போனபோது அவள் 'நான் அப்பவே சொன்னனான்' என்று சொல்லவில்லை. தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, அடுத்த கட்டடத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.

அறுபத்துமூன்று புள்ளடி. ஆயிரத்து நூற்று நாற்பதிலிருந்து அறுபத்துமூன்று. அதில் பாதி, படத்தைப் பார்த்து இரங்கிய நோர்வேஜியர் போட்டதாக இருக்கும். நகரசபைக் கதிரை போனது. ஏறிய ஏணியை எட்டி உதைத்தவருக்குக் கீழே இறங்கும்போதுதான் ஏணியின் நினைவு வரும். 2009 பாராளுமன்றப் பட்டியலுக்குக் கட்சி ஆள் தேடத் தொடங்கியதும் அவரிடம் ஒன்றைத்தான் கேட்டார்களாம்: உங்கள் ஆட்கள் இன்னும் உங்களோடு இருக்கிறார்களா?

2008 பங்குனியில் ரதீஸுக்கு அனுமதி வந்தது. ஒருவரும் கதைத்து வரவில்லை. நிரோஜா படிப்பு முடித்து, தாதி வேலை எடுத்து, பத்திரிகையும் விடாமல் போட்டு, கேட்ட ஒவ்வொரு கடதாசியையும் கொடுத்து, சட்டப்படி வந்தது. எங்கள் ஆட்களிடையே செய்தி பரவ எவ்வளவு நேரம் செல்லும்? சிறிதேவியின் கடைக்குப் பின்னேரமே போய்ச் சேர்ந்துவிட்டது; விமானம் வருகிற நாளும் பின்னாலேயே போனது.

கார்டர்மூன் விமான நிலையத்தில் மூன்று பேரும் தடுப்புக்கு வெளியே நின்றார்கள். கதிர்காமத்தம்பியின் கையில் ஒரு குளிர்ச்சட்டை. கதவு திறந்து ரதீஸ் வெளியே வந்தான். மெலிந்திருந்தான். ஒரு சில்லு உடைந்து, நைலோன் கயிற்றால் வரிந்து கட்டிய பெரிய பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தான். நிரோஜா ஓடிப்போய் அவனைப் பிடித்தாள். பிடித்தவள் விடவில்லை. உதயகுமாரி மறுபக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தாள். திரும்பிய இடத்தில் ரவீந்திரன் நின்றார்.

நீலக் கோட்டு, கழுத்துப்பட்டி, கையில் பூங்கொத்து. பக்கத்தில் அதே உள்ளூர்ப் பத்திரிகையின் படப்பிடிப்பாளன் ஒருவன், இளம் நோர்வேஜியன். உதயகுமாரி வாய் திறப்பதற்குள் ரவீந்திரன் பூங்கொத்தை ரதீஸின் கையில் திணித்துவிட்டார்.

"நான் ரவீந்திரன், பார்லிமென்ற் எம்.பி. உங்கடை ஃபைல் விசயமாய் உள்ளுக்கை கதைச்சு வைச்சனான். ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ."

பாவம், அந்தப் பெடியனுக்கு என்ன தெரியும்? இரண்டு கையாலும் ரவீந்திரனின் கையைப் பிடித்துத் தலையைக் குனிந்தான். கமெரா உயர்ந்தது.  விடிய நாலு மணிக்கு நிரோஜா பத்திரிகைக் கட்டைத் தூக்கிக்கொண்டு போன பனிக்காலங்கள் இரண்டும் உதயகுமாரியின் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. கத்தலாம் என்று நினைத்தாள். கத்தினால் அதுவும் படமாகும், நாளைக்கு அதற்கும் ஒரு பேச்சுப் பேசுவான். அவள் குரலை உயர்த்தாமல் ரதீஸைப் பார்த்துச் சொன்னாள்.

"அந்தக் கையை விடுங்கோ தம்பி. இவர் ஒருத்தருமில்லை. சாமான் தூக்க வந்தவர். பெட்டியை இவரிட்டைக் குடுங்கோ."

நிரோஜா தாயைப் பார்த்தாள். பிறகு படப்பிடிப்பாளன் பக்கம் திரும்பி, மிக மரியாதையான நோர்வே மொழியில், இவர் எங்கள் பெட்டியைத் தூக்கித் தரத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்றாள். அவனுக்குச் சந்தோசம். கை குலுக்குகிற படம் ஆயிரம் எடுத்தவன் அவன். பாராளுமன்றக்காரர் அகதிப் பெட்டியைச் சுமப்பது நல்ல படம், தூக்குங்கள், தூக்குங்கள் என்றான்.

ரவீந்திரன் பெட்டியைப் பார்த்தார். கமெராவைப் பார்த்தார். மாட்டேன் என்று எந்த மொழியில் சொல்வது? முப்பது கிலோ; கருவாடு, மிளகாய்த்தூள், ரதீஸின் தாய் கொடுத்துவிட்ட வெண்கலக் குத்துவிளக்கு. இழுத்துப் பார்த்தார், சில்லு உருளவில்லை. கடைசியில் தோளில் ஏற்றினார். மீன் தொழிற்சாலைக்குப் பிறகு அவர் தூக்கிய முதல் பாரம் அதுவாகத்தான் இருக்கும். கதிர்காமத்தம்பி வழி காட்ட, கார் நிறுத்துமிடத்தின் கடைசி வரிசை வரைக்கும் சுமந்தார். காரை வேண்டுமென்றே தூரத்தில் விட்டதல்ல. அது தானாக அமைந்தது.

"பெரிய மனுசர் மாதிரி இருக்குது மாமி" என்று ரதீஸ் சங்கடத்தோடு மெதுவாகச் சொன்னான்.

"மாதிரிதான்" என்றாள் உதயகுமாரி.

அடுத்த வியாழக்கிழமை ஐந்தாம் பக்கத்தில் படம் வந்தது. கழுத்துப்பட்டி தோளுக்குப் பின்னால் கிடக்க, வாய் பிளந்து, கயிறு கட்டிய பெட்டிக்குக் கீழே ரவீந்திரன். இரண்டு அடி பின்னால் வெறுங்கையை வீசிக்கொண்டு உதயகுமாரி. நிரோஜாவுக்கு அதுதான் பத்திரிகை வேலையின் கடைசி நாள். இருநூற்றுப் பன்னிரண்டையும் அவள் போட்டு முடித்தாள், ஒரு பெட்டியைக்கூட விடவில்லை. ரதீஸ் புதுக் குளிர்ச்சட்டையோடு கட்டைத் தூக்கிக்கொண்டு அவளுக்குப் பின்னால் நடந்தான்.